“ஒன்று போட்டால் ஒன்றும் ஆகாது”: போதை மாத்திரை பற்றி வீட்டில் நடத்த வேண்டிய பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்த மாதம் கல்வி உதவித்தொகை, ஜகாத் கணக்கு பற்றி எழுதுவதாக இருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு, பலர் படிக்கத் தயங்கும் விஷயத்தை எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில காலத்துக்கு முன் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்த சிறிது நேரத்தில் ஃபிரீஸர் பெட்டி கேட்டு அழைப்பு வந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். கஃபன் துணியோடு நானும் போனேன். மையித்தைக் குளிப்பாட்டும்போது கையில் சில அடையாளங்களைப் பார்த்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. பையனின் தகப்பனார் என்னைத் தனியாக அழைத்து, “பாய், மாரடைப்பு என்று அறிவித்துவிடுங்கள்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பள்ளிவாசல் மைக்கில் அப்படியே அறிவித்தேன். இறந்தவரின் குறையை மறைப்பது நம் மார்க்கம் சொல்லித் தந்த பண்பு. அதைத்தான் செய்தோம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. நண்பர்களின் அறையில் மயங்கி விழுந்தவனை மூன்று மணி நேரம் அங்கேயே படுக்க வைத்திருக்கிறார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், மோர் புகட்டப் பார்த்திருக்கிறார்கள். குறட்டை விட்டதால், “தூங்குகிறான், காலையில் சரியாகிவிடும்” என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், வீட்டுக்குத் தெரியும் என்ற பயம். இரண்டு மாதம் கழித்து அதே நண்பர் கூட்டத்தில் இன்னொரு பையன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டான். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தான். ஆனால் பல நாள் டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. முதல் பையன் எதனால் இறந்தான் என்று அந்தக் கூட்டத்துப் பெற்றோர் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் இரண்டாவது வீட்டில் முன்கூட்டியே விழித்துக்கொண்டிருப்பார்கள். நான் மைக்கில் சொன்ன ஒரு சொல்லுக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தில்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

யாருடைய பெயரையும் வெளியிட வேண்டியதில்லை. ஆனால் எது கொல்கிறது, எப்படிக் கொல்கிறது என்பதை மறைக்கக் கூடாது.

நம் பகுதிக்கு இது வந்துவிட்டதா?

வந்துவிட்டது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதல் வண்டலூர், பொத்தேரி வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் கல்லூரிகளும் விடுதிகளும் நிறைந்திருக்கின்றன. கிழக்கே போனால் ஓ.எம்.ஆர். கம்பெனிகள், அதற்கும் அப்பால் ஈ.சி.ஆர். விருந்து விடுதிகள். வாங்க ஆள் இருக்கும் இடத்துக்கு விற்பவன் வருவான். 2024 ஆகஸ்ட் இறுதியில் பொத்தேரியில் மாணவர்கள் தங்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தாம்பரம் மாநகரக் காவல்துறை நூற்றுக்கணக்கான காவலர்களோடு சோதனை நடத்தியதையும், கஞ்சாவும் கஞ்சா சாக்லேட்டும் பிடிபட்டதையும் செய்திகளில் பார்த்தோம். 2022 மே மாதம் அண்ணாநகரில் ஒரு வணிக வளாகத்தில் நடந்த டி.ஜே. விருந்தில், நம் தென்சென்னைப் பகுதியைச் சேர்ந்த 23 வயது ஐ.டி. ஊழியர் ஒருவர் மயங்கி விழுந்து உயிரிழந்தார்.

நம் தொடர்புகள் அதிகமுள்ள மலேசியாவிலும் இதே கதைதான். 2024 டிசம்பர் 31 இரவு சிலாங்கூரில் நடந்த புத்தாண்டு இசை நிகழ்ச்சிக்குப் போன நான்கு பேர் இறந்தார்கள். எக்ஸ்டஸி மாத்திரையே காரணமாக இருக்கலாம் என்று அந்நாட்டுக் காவல்துறை சந்தேகம் தெரிவித்தது. ஒரே இரவில் நான்கு வீடுகளில் ஜனாஸா.

2019ல் மத்திய அரசு வெளியிட்ட, டெல்லி எய்ம்ஸ் நடத்திய நாடு தழுவிய ஆய்வைப் பார்த்தால், எக்ஸ்டஸி, மெத் வகை மருந்துகளைப் பயன்படுத்துவோர் மக்கள்தொகையில் 0.18 சதவீதம்தான். ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகள் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். ‘மிகக் குறைவுதானே’ என்று தோன்றும். ஆனால் அது எல்லா வயதினரையும் எல்லா ஊர்களையும் சேர்த்த சராசரி. நம் பிள்ளைகள் இருப்பது எங்கே? மாநகரத்தின் ஓரத்தில், கல்லூரிகளின் நடுவில், பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதில்.

முதல் வகை: விருந்து மாத்திரை

எக்ஸ்டஸி, மோலி என்று பல பெயர்களில் உலவுவது எம்.டி.எம்.ஏ. என்ற இரசாயனம். 1912ல் ஜெர்மனியின் மெர்க் நிறுவன ஆய்வகத்தில் வேறொரு மருந்துக்கான ஆராய்ச்சியின்போது உருவானது. மூளையில் மகிழ்ச்சி, நெருக்கம், விழிப்பு ஆகியவற்றை உண்டாக்கும் செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் என்ற இரசாயனங்களை அது ஒரே நேரத்தில் கொட்டச் செய்கிறது. பல நாளுக்கென்று சேமித்ததை ஓர் இரவில் செலவழிப்பது போன்றது இது. அதனால்தான் இரண்டு மூன்று நாள் கழித்துக் காரணமில்லாத அழுகையும் சோர்வும் வெறுப்பும் வருகின்றன.

உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? நான்கு வழிகளைப் புரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, உடல் சூடு. நம் உடம்பின் இயல்பான வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். இந்த மாத்திரை உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டைக் குலைக்கிறது. மூடிய அரங்கு, கூட்டம், மணிக்கணக்கில் ஆட்டம், சென்னையின் புழுக்கம் எல்லாம் சேரும்போது வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த நிலையில் தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகும். இரத்தம் உறையும் தன்மை கெட்டு உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்கும். மேலே சொன்ன இரண்டாவது பையனுக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது இதனால்தான்.

இரண்டாவது, தண்ணீர். சூடு ஏறினால் தண்ணீர் குடி என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த மருந்து சிறுநீரை வெளியேற விடாமல் தடுக்கும் ஹார்மோனையும் சுரக்கச் செய்கிறது. அதனால் லிட்டர் லிட்டராகக் குடித்த தண்ணீர் வெளியேறாமல் இரத்தத்தின் உப்பு அளவு இறங்கி மூளை வீங்குகிறது. 1995ல் இங்கிலாந்தில் தன் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்தில் ஒரே ஒரு மாத்திரை சாப்பிட்ட பெண், அதன்பின் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, கோமாவுக்குப் போய் இறந்தாள். அந்நாட்டையே உலுக்கிய மரணம் அது. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாவது, இதயமும் மூளை நரம்பும். இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் திடீரென ஏறும். வெளியே தெரியாத இதயக் கோளாறு உள்ளவருக்கு ஒரு மாத்திரையே போதும். வலிப்பும் பக்கவாதமும் இருபது வயதிலும் வரும்.

நான்காவது, வேறு மருந்துகளோடு சேர்வது. மன அழுத்தத்துக்கு மருத்துவர் தந்த மாத்திரையோ, டிரமடால், டபென்டடால் போன்ற வலி மாத்திரையோ எடுத்துக்கொண்டிருப்பவர் இதையும் போட்டால் செரட்டோனின் அளவு கட்டுமீறிப் போகலாம். உடல் விறைத்து, நடுங்கி, சூடு ஏறி உயிர் போகும் நிலை அது.

மெத், ஐஸ், கிரிஸ்டல் என்று சொல்லப்படும் மெத்தாம்பெட்டமினும் இதே குடும்பம்தான். ஆனால் இன்னும் கொடியது. ஒரு முறை எடுத்தால் பல மணி நேரம் தூக்கம் வராது. தொடர்ந்து எடுப்பவன் மூன்று நான்கு நாள் தூங்காமல் இருந்து, யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொள்வான், தாயையே அடிப்பான். ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிப் பார்க்கக் கூட்டிவரும் பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்களும் இருக்கக்கூடும். துஆ செய்யுங்கள், அதோடு மருத்துவரிடமும் காட்டுங்கள்.

இரண்டு போட்டால் இரண்டு மடங்கு இல்லை

பிள்ளைகளிடம் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ‘ஹராம்’ என்று சொல்லி நிறுத்தினால், “தெரியும் அத்தா” என்று எழுந்து போய்விடுவான். இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாது.

நம் கல்லீரலில் எம்.டி.எம்.ஏ.வை உடைத்து வெளியேற்றும் ஒரு நொதி உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்து உள்ளே போனவுடன் அதே நொதியை முடக்கிவிடுகிறது. வீட்டுக்குள் வந்த திருடன் முதலில் காவலாளியைக் கட்டிப்போடுவது போல. எனவே இரண்டாவது மாத்திரை போடும்போது அதை உடைக்க ஆளே இல்லை. அளவை இரட்டிப்பாக்கினால் இரத்தத்தில் மருந்தின் அளவு இரட்டிப்புக்கும் மேலே ஏறுகிறது. ‘ஒன்று தாங்கினேன், இரண்டையும் தாங்குவேன்’ என்பது தப்புக் கணக்கு.

அடுத்தது நேரம். இந்த மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரமாகும். பொறுமையில்லாதவன் “இது டூப்ளிகேட்” என்று இன்னொன்றைப் போடுகிறான். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். இதைவிட மோசம், பி.எம்.ஏ. என்ற வேறொரு இரசாயனத்தை எக்ஸ்டஸி என்று சொல்லி விற்பது. அது இன்னும் மெதுவாக ஏறும், உடல் சூட்டை இன்னும் வேகமாக ஏற்றும். கனடாவிலும் இங்கிலாந்திலும் பலர் இறந்தது இப்படித்தான்.

மூன்றாவது, மாத்திரையின் மேல் அளவு எழுதியிருக்காது. ஐரோப்பாவில் பிடிபட்ட மாத்திரைகளைப் பரிசோதித்ததில், முன்பெல்லாம் 50 முதல் 80 மில்லிகிராம் வரை இருந்த எம்.டி.எம்.ஏ., பின்னாளில் 200 மில்லிகிராமையும் தாண்டியது தெரியவந்தது. ஒரே நிறம், ஒரே வடிவம், ஒரே முத்திரை. உள்ளே மூன்று மடங்கு. மருந்துக் கடையில் வாங்கும் காய்ச்சல் மாத்திரையில் கூட 500 அல்லது 650 என்று பார்த்துத்தான் கொடுக்கிறோம். பிள்ளைக்கு அவ்வளவு பார்த்துக் கொடுத்த தாயின் பிள்ளை, என்னவென்றே தெரியாததை யாரோ கொடுத்து வாயில் போட்டுக்கொள்கிறான்.

“அமெரிக்காவில் இதை மருந்தாகவே தருகிறார்கள்” என்று படித்த பிள்ளைகள் வாதிடுவார்கள். மனக்காயச் சிகிச்சைக்கு ஆய்வு நடந்தது உண்மை. இதயத்தைப் பரிசோதித்து, அளந்த மருந்தைக் கொடுத்து, பக்கத்திலேயே சிகிச்சையாளர்கள் அமர்ந்து செய்த ஆய்வு அது. அப்படியிருந்தும் 2024 ஆகஸ்டில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அனுமதி தர மறுத்துவிட்டது. இதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் வகை: ‘வலி மாத்திரை’

விருந்து மாத்திரை வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை, நமக்கு அது வராது என்று நினைப்பவர்களுக்கு அடுத்த செய்தி. சென்னைப் புறநகரில் இன்று ஏழை நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்திருப்பது உடம்பு வலி மாத்திரை. டபென்டடால் என்ற அந்த மருந்து, அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கடும் வலிக்கும் மருத்துவர் சீட்டோடு தர வேண்டியது. அதைத் திருட்டுத்தனமாக வாங்கிக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். “மாத்திரைதானே, கஞ்சா இல்லையே, சரக்கு இல்லையே, வாசனையும் வராது” என்பது அவர்கள் சொல்லும் நியாயம்.

வாயால் விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. மாவுப்பொருள், டால்க் போன்றவையும் இருக்கும். அவை கரையாத துகள்களாக இரத்தக்குழாயில் போய் நுரையீரல் வரை அடைக்கின்றன. ஊசி போட்ட இடம் சீழ் பிடிக்கும், நரம்பு கட்டையாகும், சில வேளை கையையே இழக்க நேரும். ஓர் ஊசியை நான்கு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெப்படைடிஸ் சி-யும் சேர்ந்து வரும்.

இந்த வகை மருந்து அதிகமானால் கொல்லும் விதம் வேறு. மூச்சு விடு என்று உடம்புக்குக் கட்டளையிடும் மூளைப் பகுதியை அது மந்தமாக்குகிறது. ஆள் தூங்குவது போலவே இருப்பான். ஆழ்ந்த குறட்டை, இடைவெளி விட்டு விட்டு மூச்சு, பிறகு உதடும் நகமும் நீலம். நண்பர்கள் தூக்கம் என்று நினைத்தது இதைத்தான். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இதில் பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. தொடர்ந்து எடுப்பவனின் உடம்பு அந்த அளவுக்குப் பழகியிருக்கும். சில வாரம் நிறுத்திவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். ரமலான் முழுதும் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, பெருநாள் இரவு நண்பர்கள் அழைத்தார்கள் என்று பழைய அளவையே எடுத்தால், அந்த அளவே அவனைக் கொன்றுவிடலாம். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் நாட்களும் இப்படித்தான். திருந்தி வந்த பிள்ளையை அந்த நாட்களில் தனியாக விடாதீர்கள்.

மார்க்கம் சொல்வது

‘கம்ர்’ என்றால் சாராயம் மட்டும்தான், மாத்திரையைப் பற்றிக் குர்ஆனில் இல்லை என்று சிலர் கேட்கிறார்கள். அந்தச் சொல்லின் வேரில் மூடுவது, மறைப்பது என்ற பொருள் இருக்கிறது. அறிவை மூடுவது எதுவோ அதுவே கம்ர் என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரிலிருந்து விளக்கியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. கஞ்சா வகைப் போதை பரவிய காலத்தில், ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டிலேயே, ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸர்கஷீ (ரஹ்) அதன் தடையைப் பற்றித் தனி நூலே எழுதினார்கள். எனவே இது இன்று முளைத்த கேள்வி இல்லை.

அதிக அளவில் போதை தருவது எதுவோ அதில் குறைந்த அளவும் தடைதான் என்ற கருத்தில் வரும் நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இருக்கிறது. ‘ஒன்று போட்டால் ஒன்றும் ஆகாது’ என்ற வாதத்துக்குப் பதினான்கு நூற்றாண்டுக்கு முன்பே கதவு அடைக்கப்பட்டுவிட்டது. மேலே நாம் பார்த்த கல்லீரல் கணக்கும் அதையே காட்டுகிறது. குறைந்த அளவு என்பது நிற்கும் இடமல்ல, ஏறும் படி. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தை அல்பகரா அத்தியாயம் 195ஆம் வசனத்தில் ஓதுகிறோம். உயிரையும் அறிவையும் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் சேர்ந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மது அருந்திப் பலமுறை தண்டனை பெற்ற ஒரு தோழரை ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று எடுத்துச் சொன்னார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. செயல் ஹராம் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை, ஆளையும் கைவிடவில்லை. நாம் இன்று பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். செயலை மூடி மறைக்கிறோம், வெளியே தெரிந்தால் ஆளை ஒதுக்குகிறோம்.

அந்த இரவில் என்ன செய்வது?

இந்தப் பகுதியைக் கிழித்து ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகளும் படிக்கட்டும்.

1. எழுப்பினால் எழவில்லை, குறட்டை வித்தியாசமாக இருக்கிறது, மூச்சு மெதுவாக இருக்கிறது, உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, வலிப்பு வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, பிதற்றுகிறான்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. காலை வரை காத்திருக்க வேண்டாம்.

2. மயக்கத்தில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாயில் போகாது. தனியாக விட்டுப் போகாதீர்கள்.

3. மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதும் வாயில் துணி திணிப்பதும் வேண்டாம்.

4. உடம்பு சுட்டால் சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியின் கீழ் வையுங்கள்.

5. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு. மீதி மாத்திரையோ காலி அட்டையோ இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். வலி மாத்திரை வகைக்கு நலோக்ஸோன் என்ற மாற்று மருந்து உண்டு. எது என்று தெரிந்தால்தான் அதைக் கொடுக்க முடியும். ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லும் பொய் அந்த நேரத்தில் உயிரை எடுக்கும்.

போலீஸ் பயம்

அவசர நிலையில் வருபவருக்கு உடனே சிகிச்சை தர வேண்டும், சட்ட நடைமுறைகள் அதற்குப் பின்புதான் என்று உச்சநீதிமன்றம் 1989லேயே தீர்ப்பளித்துள்ளது. மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், காவலர் வந்து விசாரிக்கவும் கூடும். அதை மறைக்க மாட்டேன். ஆனால் விசாரணையில் இருக்கும் மகன் உயிரோடு இருக்கிறான்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு தொடர்பான குற்றத்திலோ சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

அதே சட்டத்தின் மறுபக்கம் கடுமையானது. எம்.டி.எம்.ஏ.வில் அரை கிராம் வரைதான் சிறிய அளவு. பத்து கிராமுக்கு மேல் போனால் வணிக அளவு: பத்து முதல் இருபது ஆண்டு வரை கடுங்காவல், ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். “நண்பன் பார்சல் கொடுத்தான், வைத்திருந்தேன்” என்று சொல்லித் தப்பிப்பது எளிதல்ல. கையில் இருந்தால் அது உனக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நீதான் நிரூபிக்க வேண்டும்.

நாம் செய்யும் மூன்று தவறுகள்

ஒன்று, “கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான்” என்பது. போதைக்கு அடிமையாவது மூளையைப் பிடிக்கும் நோய். நிக்காஹ் அதற்கு மருந்தல்ல. உண்மையை மறைத்துப் பெண் எடுப்பது ஏமாற்று. அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு இரு குடும்பத்துப் பெரியவர்களும் பொறுப்பாளிகள்.

இரண்டு, “வெளிநாடு அனுப்பிவிட்டால் கூட்டாளிகள் விலகிவிடுவார்கள்” என்பது. வளைகுடா நாடுகளில் போதைச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. இங்கே சிகிச்சையில் இருக்க வேண்டியவன் அங்கே சிறையில் இருப்பான்.

மூன்று, கட்டிப்போட்டு அடிக்கும் ‘மறுவாழ்வு மையங்களில்’ பணம் கட்டிச் சேர்ப்பது. மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மருத்துவர் தினமும் வருகிறாரா, நீங்கள் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. தமிழக அரசு 2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இதே பணியைச் செய்துவருகிறது. நிறுவிய சாந்தி ரங்கநாதன் அம்மையார் கணவரை மதுவுக்குப் பறிகொடுத்தவர். தன் வீட்டுத் துயரத்தை மறைக்காமல் ஊருக்கு உதவியாக மாற்றியவர். நமக்கும் அதில் படிப்பினை உண்டு. 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணில் பெயர் சொல்லாமலேயே ஆலோசனை கேட்கலாம். விற்பவர்களைப் பற்றித் தகவல் தர 10581.

வீட்டில் எதைக் கவனிப்பது?

முழுக்கைச் சட்டையை வெயிலிலும் கழற்றாமல் இருப்பது, காலி மாத்திரை அட்டை, ஊசி, கண்மணி மிகவும் சுருங்கியோ மிகவும் விரிந்தோ இருப்பது, தாடையை அரைப்பது, இரண்டு இரவு விழித்து அடுத்த நாள் முழுக்கத் தூங்குவது, வீட்டில் பணமும் நகையும் குறைவது. இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் திருடன், போதைக்காரன் என்று பட்டம் கட்டாதீர்கள். அமைதியான நேரத்தில், தனியாக, “எனக்குப் பயமாக இருக்கிறது, சொல்லு” என்று கேளுங்கள். முதல் நாள் பொய் சொல்லலாம். மறுநாளும் கேளுங்கள். அடித்தால் அவன் உங்களிடம் வரமாட்டான். ஆபத்தான இரவில் உங்களை அழைக்கவும் மாட்டான்.

இந்த வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒருநாள் போனை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த மூன்று கேள்விகளைப் பிள்ளைகளோடு பேசுங்கள். நண்பன் மயங்கி விழுந்தால் நீ முதலில் யாரை அழைப்பாய்? உனக்கே அப்படி ஆனால் எங்களை அழைக்கத் தயங்குவாயா, ஏன்? நாங்கள் எப்படி நடந்துகொண்டால் தயங்கமாட்டாய்? பதில் கசப்பாக இருந்தாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடைசியில், “எந்த நேரமானாலும் கூப்பிடு, முதலில் ஆஸ்பத்திரி, கேள்வியெல்லாம் அப்புறம்” என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

நமது அறக்கட்டளை அலுவலகத்தில் இஷாவுக்குப் பின் நான் இருப்பேன். எந்தக் குடும்பம் வந்தாலும் பெயர் எழுத மாட்டோம், பதிவேட்டில் ஏற்ற மாட்டோம். மருத்துவரிடம் கூட வருவோம். பணம் இல்லையென்றால் அதற்கும் வழி செய்வோம், இன்ஷா அல்லாஹ். ஃபிரீஸர் பெட்டிக்காக என்னை அழைப்பதைவிட ஆம்புலன்ஸுக்காக அழையுங்கள். நள்ளிரவு ஆனாலும் எழுந்து வருவேன்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உயிரையும் அறிவையும் ஈமானையும் பாதுகாப்பாயாக! தவறியவர்களுக்குத் தவ்பாவையும் நலத்தையும் தருவாயாக! எங்களை முந்திச் சென்ற இளைஞர்களின் பிழைகளை மன்னித்து, அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையைத் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்